டெல்சி சாப்பிட்ட இறால் வடை

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் நிரோஷா தொலைபேசியில் அழைத்தார். வெள்ளவத்தையில் நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த தனியார் கல்லூரியில், நான் படிப்பித்த அதே பாடத்தை இப்போது படிப்பிப்பவர் அவர். பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கிறார்களாம். பழைய கோப்புகளைப் புரட்டியபோது ஒரு சந்தேகம் வந்ததாம்.

“மிஸ், இதில ஒரு விதி கிடக்கு. ‘எழுத்து வகுப்பில் எவரும் எதையும் உண்ணலாகாது.’ வருஷம் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே எழுதச் சொல்லுறம். பிறகு வகுப்பில ஒரு கடலை கூடச் சாப்பிடக்கூடாதாம். பிள்ளையள் சிரிக்குதுகள். எடுத்துவிடட்டோ?”

“எடுத்துறாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில், உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

நிரோஷா “ஏன் மிஸ்?” என்றார்.

அங்கே இப்போது வேலை செய்கிற ஒருவருக்கும் அந்த ‘ஏன்’ தெரியாதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கும் இறால் பொரிகிற வாசனை வந்தால், கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுகிறவள் நான். அந்த வாசனை ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாத ஒரு காலம் வந்துவிட்டதா? நிரோஷாவுக்குத் தொலைபேசியில் சொல்லி முடிக்கிற கதையில்லை இது. ஆகவே எழுதுகிறேன்.

நான் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஆசிரியர் பயிற்சி, பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே எடுக்கிற வெளிவாரிப் பட்டம், சில வருடங்கள் மலையகப் பாடசாலைகள் எல்லாம் முடித்து, கலியாணத்தோடு கொழும்புக்கு வந்தேன். அந்தக் கல்லூரி, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், பழைய மாடிவீடு ஒன்றைத் தடுத்துத் தடுத்து வகுப்பறைகளாக்கிய இடம். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத பிள்ளைகளும், புறக்கோட்டைக் கடைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்துகொண்டே படிக்க வருகிறவர்களும் அங்கே வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தார்கள். முதல் வருடம் எல்லோருக்கும் ‘எழுத்தும் வாதமும்’ என்று ஒரு பாடம் கட்டாயம். ஒரு கருத்தைச் சொல்லி, காரணம் காட்டி, எதிர்க்கருத்தையும் மதித்துத் தமிழில் கட்டுரை எழுதப் பழக்குவது அதன் நோக்கம்.

அந்தப் பாடப் பகுதிக்குத் தலைவியாக இருந்தவர் யோகாம்பிகை மிஸ். யாழ்ப்பாணத்தவர். நெட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கந்தோர்ப் பியோன் முதல் நிர்வாகி வரைக்கும் எல்லோரையும் ‘நீங்கள்’ என்றுதான் சொல்வார். கோபம் கூடக்கூடக் குரல் இறங்கும். கடைசியில் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். பிள்ளைகளின் கட்டுரைகளைப் பென்சிலால்தான் திருத்துவார். “நான் சொன்னது பிழையெண்டால் அழிச்சுப்போட்டு வந்து சொல்லுங்கோ” என்பார். ஓரத்தில் அவர் எழுதுகிற வார்த்தைகள் இரண்டே இரண்டு. ஒன்று ‘ஏன்?’ மற்றது ‘யாருக்கு?’

நான் சேர்ந்த புதிதில் ‘சுதந்திரம் என்றால் என்ன?’, ‘பெண் விடுதலை’ என்ற மாதிரித் தலைப்புகள்தான் கொடுத்தோம். பிள்ளைகள் பத்திரிகைத் தலையங்கங்களை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்தார்கள். யுத்த காலம். ஒரு மாலை, எங்கள் மாணவன் ஒருவனின் பையைச் சோதனைச்சாவடியில் கொட்டியபோது ‘சுதந்திரம்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்ட கட்டுரை விழுந்திருக்கிறது. அந்தத் தாளை மொழிபெயர்த்து, அது வீட்டுப்பாடம்தான் என்று நம்பவைத்து அவனை வெளியே எடுக்க, அவனுடைய அப்பாவும் யோகாம்பிகை மிஸ்ஸும் பொலிஸ் நிலைய வாங்கில் ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டியிருந்தது.

அடுத்த நாள் அவர் ஆசிரியர் அறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்:

“இனிமேல் சாப்பாடு. வருஷம் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத்து. சாப்பாட்டைப் பற்றி எழுதினதுக்கு ஒருத்தரையும் பிடிக்கமாட்டாங்கள். எல்லாருக்கும் அதைப் பற்றி ஏதோ ஒரு பிடிவாதமும் இருக்கும். வாதத்துக்கு அது போதும்.”

அப்படித்தான் அது தொடங்கியது. ஆபத்தில்லாத விஷயம் என்று நம்பித்தான் தொடங்கினோம்.

அவர் வகுத்த முறையை நான் ஓய்வு பெறும்வரை மாற்றவில்லை. முதல் படி, சாப்பிட்ட ஒன்றை அப்படியே எழுதுவது. ருசி, சுவை, அருமை என்ற சொற்கள் தடை. வாயில் வைத்ததும் என்ன சத்தம், எந்த இடத்தில் காரம், விழுங்கியபின் என்ன மிஞ்சியது என்று எழுத வேண்டும். அடுத்தது, யாராவது மறுக்கக்கூடிய ஒரு கருத்து. ‘பாண் ஒரு உணவு’ என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். ‘காலையில் பாண் சாப்பிடுவதை நாம் விட்டுவிட வேண்டும்’ என்றால் அடிபிடி தொடங்கும். பிறகு காரணங்கள். ஒவ்வொரு காரணத்தின் கீழும் இன்னொரு ‘ஏன்?’ கடைசிப் படிதான் கடினம். எதிராளியின் பக்கத்தை, அந்த எதிராளியே வாசித்து ‘ஓம், நான் சொல்ல நினைச்சது இதுதான்’ என்று ஒத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும்.

முதல் வருடம் பாதி வகுப்பு ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று எழுதிக்கொண்டு வந்தது. எல்லா அம்மாக்களும் ஒரே குழம்பை ஒரே அன்போடு வைத்திருந்தார்கள். யோகாம்பிகை மிஸ் வகுப்புக்கு வந்து, “உங்கள் எல்லாருக்கும் ஒரே அம்மாவோ?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சிரித்தார்கள். அடுத்த கிழமை, துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு பெடியன் தன் அம்மாவுக்குச் சமைக்கவே தெரியாது என்றும், அவர் அதைப் பற்றி வெட்கப்பட்டதில்லை என்றும் எழுதிக்கொண்டு வந்தான். அன்றுதான் எங்களுக்கு முதல் கட்டுரை கிடைத்தது.

வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பிள்ளை முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டு, நடப்பதை நடக்க நடக்க வாயால் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைக் கேட்டு எழுத வேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான்.

டெல்சி கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம். அப்பா கப்பலில் வேலை; வருடத்தில் பெரும்பகுதி வீட்டில் இருக்கமாட்டார். அம்மா லூர்து வீட்டில் தையல் வேலை செய்தார். ஒரே பிள்ளை. காலையில் புறக்கோட்டையில் ஒரு கந்தோரில் டைப் அடித்துவிட்டு, பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். மெலிந்த உடம்பு. மழைக்காலத்தில் மூச்சு இழுக்கும்; பையில் அதற்கு மருந்தடிக்கிற பம்ப் வைத்திருப்பாள். வகுப்பில் நான் எதைச் சொன்னாலும் “அது ஏன் மிஸ்?” என்று கேட்பாள். யோகாம்பிகை மிஸ்ஸின் பென்சில் அந்தப் பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டதோ என்று எனக்கு இருக்கும்.

வருடத்தின் பெரிய கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட கருத்து இது: தடை விதிக்கிறவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர், காரணம் சொல்லாவிட்டால் அந்தத் தடைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

உதாரணம் அவளுடைய வீடு. கொட்டாஞ்சேனையில் கடல் சாப்பாடு இல்லாத வீடு இல்லை. ஆனால் அவர்கள் வீட்டு வாசற்படியை ஒரு இறாலோ நண்டோ தாண்டியதில்லை. ஏன் என்று கேட்டால், புனிதருக்கு வைத்த நேர்த்தி என்று அம்மா சொல்வார். எதற்காக வைத்த நேர்த்தி என்று கேட்டால் பதில் இல்லை. சின்ன வயதில் ஒருமுறை விடாமல் கேட்டதற்கு அடி விழுந்ததாம். அவள் எழுதியிருந்தாள்: ‘என் தாய் கடவுளோடு ஓர் ஒப்பந்தம் செய்திருக்கிறார். அதில் அடகு வைக்கப்பட்டிருப்பது என் நாக்கு. என்னை ஒருவரும் கேட்கவில்லை.’

எனக்கு அந்தக் கட்டுரை மிகவும் பிடித்தது. யோகாம்பிகை மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்து முடித்துவிட்டு டெல்சியை அழைத்தார்.

“வாதம் நேராய் நிக்குது. ஆனால் எதிர்ப்பக்கத்தில ஆள் இல்லை. உங்கட அம்மாவின்ர நியாயம் எங்க?”

“அவவுக்கு நியாயம் இல்லை மிஸ். இருந்தால் சொல்லியிருப்பா தானே?”

“சொல்லாத நியாயம் இல்லாத நியாயமில்லை. திரும்பக் கேட்டுப் பாருங்கோ.”

“கேட்டனான் மிஸ். இந்தக் கிழமையும் கேட்டனான். தைச்ச சட்டையை அப்பிடியே போட்டுட்டு எழும்பிக் கோயிலுக்குப் போயிட்டா.”

யோகாம்பிகை மிஸ் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். “அப்ப அது தெரியாது எண்டே எழுதுங்கோ. அவவுக்காக நீங்கள் ஒண்டும் இட்டுக்கட்ட வேண்டாம்.”

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை முரளி என்ற மாணவன் வடை வாங்கிக்கொண்டு வந்தான். காலி வீதியில் தள்ளுவண்டியில் விற்பது. மேலே முழு இறாலைப் பதித்துப் பொரித்தது. பத்திரிகைத் தாளில் எண்ணெய் ஊறியிருந்தது. அன்று சாப்பிடுவது வேறு ஒரு பிள்ளையின் முறை. ஆனால் டெல்சி எழும்பி முன்னால் வந்துவிட்டாள்.

“மிஸ், நான் சாப்பிடுறன்.”

“நேர்த்தி என்னம்மா ஆச்சு?”

“அது அம்மான்ர நேர்த்தி மிஸ். நான் எழுதினதை நானே நம்புறனோ எண்டு பாக்கோணும்.”

வகுப்பு மேசையைத் தட்டியது. பத்தொன்பது வயது தாண்டிய பிள்ளை. மதக் கட்டுப்பாட்டை மீறுவதா வேண்டாமா என்பதை அவளேதான் தீர்மானிக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போது அது ஒரு நேர்த்தி என்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். வேறு எதுவும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். சொல்லத் தொடங்கினாள்.

“பருப்பு கரகரக்குது. பல்லுக்குள்ள சத்தம் காதுக்குக் கேக்குது. இறால்... ஓடு நகம் மாதிரி இருக்கு. உள்ள மெத்தெண்டு இருக்கு. மீன் மாதிரி உதிரேல்ல.”

பேனாக்கள் ஓடின. இன்னொரு கடி கடித்தாள். விழுங்கினாள்.

“நாக்கு நுனி கடிக்குது. மிளகாயெண்டு நினைக்கிறன். இல்லை, மிளகாய் இப்பிடி இராது. உதட்டுக்குள்ள எறும்பு ஊருற மாதிரி.”

“நல்லா இருக்கு, சொல்லுங்க” என்றேன் நான். யாரோ ‘எறும்பு’ என்று முணுமுணுத்துக்கொண்டு எழுதினார்கள்.

“உள்ளங்கையும் கடிக்குது. காது சுடுது. தொண்டையில... தொண்டையில ஏதோ நிக்குது மிஸ். விழுங்கினது போகேல்ல. சின்னதாப் போகுது.”

“எது சின்னதாகப் போகுது?”

“தொண்டை” என்றாள்.

கண்ணைத் திறந்தாள். அப்போதுதான் பார்த்தேன். உதடு வேறு யாருடையதோ போல் வீங்கியிருந்தது. கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. முன் வாங்கில் ஒரு பிள்ளை இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. டெல்சி மேசையைப் பிடித்தாள். பிடி நழுவிக் கீழே விழுந்தாள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் போல் ஒரு சத்தம் வந்தது. வேறு சத்தம் இல்லை.

நான் அப்போது என்ன சொன்னேன், யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கு நினைவில்லை. பையன்கள் அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். யாரோ அவளுடைய பம்பை வாயில் வைத்து அடித்தார்கள்; அது உள்ளே போகவில்லை. கீழே இருந்த யோகாம்பிகை மிஸ் ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். ஒழுங்கை முகப்புக்கு ஓடி, காலி வீதியின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் விரித்து ஒரு த்ரீவீலரை மறித்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

டெல்சியை என் மடியில் கிடத்திக்கொண்டேன். யோகாம்பிகை மிஸ் சாரதிக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். வழியில் சோதனைச்சாவடி. இராணுவப் பையன் ஒருவன் கையைக் காட்டி நிறுத்தி, அடையாள அட்டை கேட்டுக்கொண்டு உள்ளே குனிந்தான்.

“மல்லி, லமயாட்ட ஹுஸ்ம கன்ன பே!” என்று நான் சிங்களத்தில் கத்தினேன். தம்பி, பிள்ளைக்கு மூச்சு எடுக்க முடியவில்லை.

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் அவளுடைய வயதுதான் இருக்கும். அவன் முகம் வெளிறிப்போனது. கேட்ட அட்டையை மறந்து, “யன்ன, யன்ன!” என்று போகச் சொல்லி வண்டியின் கூரையில் அடித்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, என்ன சாப்பிட்டாள் என்று. எனக்கு வாய் திறக்க வரவில்லை. அவர் என் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தார். அவள் கடித்த மிச்ச வடை என் கைக்குள் நசுங்கிக் கிடந்தது. எப்போது எடுத்தேன் என்று இன்றும் தெரியாது. அவர் அதைப் பார்த்தார், தாதியிடம் ஏதோ சொன்னார், டெல்சியின் தொடையில் ஊசி போட்டார். திரையை இழுத்து எங்களை வெளியே அனுப்பினார்கள். திரைக்குப் பின்னால் அந்த விசில் சத்தம் நின்றபோது அவள் செத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். யோகாம்பிகை மிஸ் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து, “மூச்செடுக்கிறா” என்றார்.

மகள் ஆஸ்பத்திரியில் என்று மட்டும் ஆள் போய்ச் சொல்ல, லூர்து வந்து சேர்ந்தபோது கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. எங்களை முன்பின் கண்டதில்லை. ஆனால் நேராக என்னிடம் வந்தார்.

“இறாலோ?” என்று கேட்டார்.

என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்தான் கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நடைபாதையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது முறை அவர் கையை ஓங்கியபோது யோகாம்பிகை மிஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். கிட்டத்தட்டக் கேட்காத குரலில் சொன்னார்:

“எனக்கு அடியுங்கோ. பாடம் என்ர.”

லூர்துவின் கை அப்படியே கீழே இறங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் இருவரும் வார்ட்டுக்குப் போனோம். டெல்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து முகம் திரும்ப அவளுடையதாகிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் முக்காலியில். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த நேரம் டொக்டர் வந்தார். நல்லவேளையாகத் தமிழ் தெரிந்தவர். இறால், நண்டு வகை அவளுக்கு இனி ஆயுளுக்கும் கூடாது என்றும், உடம்பு அதை விஷமாக எடுக்கிறது என்றும் விளக்கினார். பிறகு லூர்துவிடம் கேட்டார்:

“இவவுக்கு முந்தி இப்படி வந்திருக்கா? குடும்பத்தில வேற யாருக்காவது?”

“இல்லை” என்றார் லூர்து.

“யோசிச்சுச் சொல்லுங்க அம்மா. முக்கியம்.”

“ஒருத்தருக்கும் இல்லை.”

டெல்சி தாயின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, அந்த நாடாவைப் போட்டு முறுக்குறீங்க. ஏன் பொய் சொல்லுறீங்க?” என்றாள். தொண்டை இன்னும் கரகரத்தது. “நான் சாகப் பாத்தனான் அம்மா. இப்பவும் சொல்லமாட்டீங்களா?”

லூர்து டொக்டரைப் பார்த்துத்தான் சொன்னார். மகளைப் பார்க்கவில்லை.

“இவவுக்கு ரெண்டு வயசில பக்கத்து வீட்டில நண்டுக் குழம்பு தொட்டுக் குடுத்திட்டினம். உதடு வீங்கினது. நல்லகாலம், அதோட நிண்டிட்டு. அண்டைக்குத்தான் நேர்த்தி வச்சனான்.” நிறுத்தினார். “இவவுக்கு முதல் ஒண்டு இருந்தது.”

“என்ன ஒண்டு?” என்றாள் டெல்சி.

“பிள்ளை. ஸ்டெல்லா. உனக்கு அக்கா.”

நான் யோகாம்பிகை மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன். டெல்சிக்கு ஒரு அக்கா இருந்ததே தெரியாது. படம் இல்லை, கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை, வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அப்பாவும் சொல்லக்கூடாது என்று லூர்து சத்தியம் வாங்கியிருக்கிறார்.

“நாலு வயசு. ஞானஸ்நான வீடொண்டில இறால் பொரிச்சிருந்தினம். அண்டைக்குத்தான் முதல் முதல் தின்னுது. சாப்பிட்டுட்டு வாய் கடிக்குதெண்டு சொன்னது. காரமாக்கும் எண்டு தண்ணி குடுத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகேக்குள்ள...” மேலே சொல்லவில்லை.

டெல்சி அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்ட கேள்வியை நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

“அவவுக்கு ஆர் குடுத்தது?”

வார்ட்டில் எங்கேயோ ஒரு கோப்பை விழுந்து உருண்டது. லூர்து அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“நான்தான். ஓடு உடைச்சு ஊட்டினனான். வாய் கடிக்குதெண்டு சொன்ன பிறகும், ஒண்டும் செய்யாது, தின் எண்டு மூண்டாவதையும் நான்தான் ஊட்டினனான்.”

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அதிர்ந்து நிற்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக நாங்கள் ‘ஏன்? ஏன்?’ என்று பிள்ளைகளைக் கேட்கப் பழக்கியிருக்கிறோம். ஒரு ‘ஏன்’ போய் முட்டுகிற இடம் இப்படியும் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

டெல்சி கையை நீட்டி, தாயின் கழுத்தில் நேற்றிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டி அவருடைய மடியில் வைத்தாள்.

கல்லூரியில் விசாரணை நடந்தது. நிர்வாகி அந்தப் பாடத்தையே நிறுத்தப் பார்த்தார். தாயின் சொல்லை மீறியதால் அந்தப் பிள்ளையையும் எடுத்துவிடலாம் என்றார். யோகாம்பிகை மிஸ் அவர் முன்னால் நின்று, “எடுக்கிறதெண்டால் காரணத்தை எழுதித் தாங்கோ. நான் அதுக்குக் கீழ ‘ஏன்?’ எண்டு எழுதுவன்” என்றார். அவருடைய குரல் எவ்வளவு இறங்கியிருந்ததென்றால் நிர்வாகி கதிரையை முன்னுக்கு இழுக்க வேண்டியிருந்தது. பாடமும் தப்பியது, பிள்ளையும் தப்பினாள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மட்டும் யோகாம்பிகை மிஸ்ஸே நிறுத்தினார். விதியை ஒரு வரியில் தானே எழுதிக் கொடுத்தார். இதற்குக் காரணத்தையும் எழுதினால் என்ன என்று நான் கேட்டேன்.

“காரணம் அந்தத் தாயின்ர. எங்கட இல்லை” என்றார்.

அதனால்தான் நிரோஷாவின் கோப்பில் அந்த வரி தனியாக நிற்கிறது. லூர்து இப்போது உயிரோடு இல்லை. யோகாம்பிகை மிஸ்ஸும் இல்லை. இதை எழுதலாமா என்று, இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகக் கனடாவில் இருக்கும் டெல்சியிடம் கேட்டேன். “எழுதுங்கோ மிஸ். பெயர்களை மட்டும் மாத்துங்கோ. இவ்வளவு காலமும் ஒளிச்சு வச்சது காணும்” என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

உடம்பு தேறி வகுப்புக்குத் திரும்பியபின் டெல்சி அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுதினாள். கருத்தை மாற்றிக்கொள்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். மாற்றவில்லை. தடை விதிக்கிறவர் காரணம் சொல்லத்தான் வேண்டும் என்று முன்னைவிட உறுதியாக எழுதியிருந்தாள். காரணம் தெரிந்திருந்தால் தான் அந்த வடையைத் தொட்டிருக்கமாட்டேன் என்பது அவளுடைய முதல் ஆதாரம். யோகாம்பிகை மிஸ் வாசித்துவிட்டுப் பழைய கேள்வியைத்தான் கேட்டார்.

“எதிர்ப்பக்கம் எழுதியிருக்கிறீங்கள். அவ ஒத்துக்கொண்டவவோ?”

“வாசிச்சுக் காட்டேல்ல மிஸ்.”

“காட்டுங்கோ.”

ஒரு பின்னேரம் வகுப்பு முடிகிற நேரம் லூர்து அறை வாசலில் வந்து நின்றார். கையில் மகளின் கட்டுரை. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்தார்; நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. யோகாம்பிகை மிஸ்ஸும் வந்தார்.

“இதில பிழை இருக்கு மிஸ்” என்றார் லூர்து. “ஸ்டெல்லாவை அடக்கம் செய்த அண்டு நான் அழுதழுது மயங்கினனான் எண்டு எழுதியிருக்கிறா. நான் அழேல்ல.”

டெல்சி எழுந்து நின்றாள். “அம்மா, அப்பிடித்தானே இருந்திருக்கும் எண்டு...”

“இருக்கேல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்ல. எனக்குக் கோவம்தான் வந்தது. பிள்ளையில கோவம். அம்மா, வேண்டாம் எண்டு அது இன்னும் கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்கலாமே எண்டு கோவம். நாலு வயசுப் பிள்ளையில. பெட்டியை மூடேக்குள்ளயும் அந்தக் கோவம்தான்.” நிமிர்ந்து பார்த்தார். “அதை ஒருத்தருக்கும் சொல்லேலாது. அதுதான் உனக்குச் சொல்லேல்ல. நேர்த்தி எண்டால் ஒருத்தரும் மேல கேக்க மாட்டினம்.”

அவருக்காகப் போட்ட கதிரையில் நானே உட்கார்ந்துவிட்டேன்.

யோகாம்பிகை மிஸ் மேசையில் இருந்த பென்சிலை எடுத்து டெல்சியிடம் நீட்டினார். டெல்சி தாயின் கையிலிருந்து தாளை வாங்கி, அந்த வரியை வெட்டினாள். வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள்.

“இருங்கோ அம்மா” என்றாள். “பிறகு?”

லூர்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லத் தொடங்கினார். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் புத்தகங்களோடு வாசலில் வந்து கூடிவிட்டார்கள். யோகாம்பிகை மிஸ் என்னைக் கையால் கூப்பிட்டு வெளியே வரச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகளை எல்லாம் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, வகுப்பறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.